மரணச் சான்றிதழ் எடுத்தால் வழக்கு முடிந்துவிடுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். 1990 ஆவணியில் அம்பாறைக் கரையோரக் கிராமம் ஒன்றில் நடந்த சுற்றிவளைப்பில், தலையாட்டியின் (முகத்தை மூடிக்கொண்டு நின்று, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவர்) முன் நிறுத்தி உங்கள் மாமாவை ஏற்றிப்போனார்கள். அம்மம்மாவுக்கு இப்போது 81 வயது. மரணச் சான்றிதழ் எடுத்துக்கொடுத்தால் காசு கிடைக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். எடுத்தால் வழக்கு முடிந்துவிடுமா, எடுக்காமல் வைத்திருந்தால் அரசாங்கம் என்றைக்காவது பதில் சொல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சான்றிதழைப் பற்றியதாகத் தெரிந்தாலும் அம்மம்மாவின் மனதில் கிடப்பது வேறு என்று நினைக்கிறேன்: "பிள்ளை செத்துட்டான் எண்டு நானே கையெழுத்து வைச்சா, கொண்டுபோனவங்களை நானே விட்டுட்டதாகாதா?" இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். மரணச் சான்றிதழ் யாருடைய குற்றத்தையும் மன்னிப்பதில்லை. காணாமல் போனவர்களுக்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் அது வழங்கப்படுகிறது. அது பதிவாளரின் ஏட்டில் விழும் ஒரு பதிவு, அவ்வளவுதான். ஆள் உயிரோடு இருப்பது தெரியவந்தால் அந்தப் பதிவை இரத்துச் செய்ய அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பொலிஸ் விசாரணையையோ சட்டமா அதிபர் கொலை வழக்குத் தாக்கல் செய்வதையோ அது தடுக்காது. ஆனால் ஓர் இடத்தில் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஆட்கொணர்வு மனு என்பது "ஆளைக் கொண்டுவந்து காட்டு" என்று கேட்கும் மனு. அதில் அரச தரப்புச் சட்டத்தரணி முதலில் எழுப்பக்கூடிய கேள்வி, "மனுதாரரே இறந்துவிட்டார் என்று பதிவுசெய்திருக்கிறாரே, யாரைக் கொண்டுவரச் சொல்கிறார்?" என்பதுதான். மனு அந்தக் கேள்வியால் மட்டும் விழுந்துவிடும் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும், இல்லாத ஒரு வாதத்தை நாமே கையில் எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை.

அதற்காகத்தான் 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் அரசு எழுதித்தரும் சான்றிதழை அது கொண்டுவந்தது. வங்கிக் கணக்கு, காணி அலுவல், அரச உதவிகள் போன்றவற்றுக்கு அந்தச் சான்றிதழே பயன்படும். முன்பு மரணச் சான்றிதழ் எடுத்த குடும்பங்கள் அதை மாற்றிக் கேட்கவும் அந்தத் திருத்தம் இடம் வைத்திருக்கிறது. ஊரில் பேசப்படும் காசு, 2022 இல் அமைச்சரவை முதலில் 1 இலட்சம் ரூபாய் என்று தீர்மானித்து அதே ஆண்டில் 2 இலட்சமாக உயர்த்திய ஒருதடவைக் கொடுப்பனவாக இருக்கவேண்டும். அந்தத் திட்டம் காணாமற்போனமைச் சான்றிதழை அடிப்படையாக வைத்தே போடப்பட்டது. ஆகவே "மரணச் சான்றிதழ்தான் வேணும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சுற்றறிக்கையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம். காசை வாங்கினாலும் வழக்குரிமை போகாது. வாங்குவதும் விடுவதும் அம்மம்மாவின் தீர்மானம், எதைச் செய்தாலும் அதில் குற்றம் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

மறுமணம், காணி உரிமை மாற்றம் போன்ற காரணங்களுக்காக மரணச் சான்றிதழ்தான் வேண்டும் என்று நிற்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் விண்ணப்பத்தில் இறப்புக்கான காரணம் எழுதும் இடத்தை ஒருதடவைக்கு இரண்டுதடவை வாசிக்கவேண்டும். பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டார் என்றோ மோதலில் இறந்தார் என்றோ இன்னொருவர் நிரப்பிவிட்ட பத்திரத்தில் தாய் கைநாட்டு வைத்தால், "படையினர் கொண்டுபோனார்கள்" என்று அதே தாய் சொன்ன வாக்குமூலத்தோடு அது மோதும். முப்பது வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் தூக்கிப்பிடிப்பார்கள்.

இனிச் சட்டத்தின் மணிக்கூடு. இதைப் பலர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவின்படி, கொலைக்கும் அரச துரோகத்துக்கும் காலத்தடை கிடையாது. மற்றக் குற்றங்களுக்கு, தனி ஏற்பாடு இல்லாவிட்டால், நடந்த நாளிலிருந்து 20 வருடம். அப்படிப் பார்த்தால் 1990 இல் நடந்த ஆட்கடத்தலுக்கு வழக்குப்போடும் காலம் 2010 இலேயே முடிந்துவிட்டது. அடைத்துவைத்தல் என்பது ஆள் திரும்பிவரும்வரை தொடர்கின்ற குற்றம், ஆகவே காலம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்று வாதிடலாம். நல்ல வாதம்தான், ஆனால் அதையே நம்பி இருக்கமுடியாது. கையில் உறுதியாக மிஞ்சியிருப்பது கொலைக் குற்றச்சாட்டு. உடல் கிடைக்காவிட்டாலும் சூழ்நிலைச் சான்றுகளால் கொலையை நிரூபிக்கச் சட்டம் இடம் தருகிறது. யார் கையில் கடைசியாக உயிரோடு இருந்தார் என்பதை ஐயமின்றி நிறுவுவதுதான் அதில் கடினமான பகுதி.

2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமல் ஆக்குதலைத் தனிக் குற்றமாக்கி, 20 வருடம் வரை சிறையும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதித்திருக்கிறது. அது 1990 க்குப் பின்னோக்கிச் செல்லுமா என்பது திறந்த கேள்வி. அரசியலமைப்பின் 13(6) ஆம் உறுப்புரை பின்னோக்கித் தண்டிப்பதைத் தடுக்கிறது. அதே உறுப்புரை, உலக நாடுகளின் பொதுவான சட்டக் கோட்பாடுகளின்படி அன்றே குற்றமாக இருந்த செயல்களுக்கு விலக்கும் வைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் வாதிடலாம். இன்னொரு பயத்தை மட்டும் நீக்கிவிடலாம்: படையினரைக் காப்பாற்றும் நட்டவிலக்குச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பாதுகாப்பு 1977 ஓகஸ்ட் 1 முதல் 1988 டிசம்பர் 16 வரை நடந்தவற்றுக்குத்தான். 1990 அதற்குள் வராது.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு. அது எப்போதோ கடந்துவிட்டதால் அந்த வழி உங்களுக்கு இல்லை. ஆட்கொணர்வு மனுவுக்குக் கெடு இல்லை. அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடலாம். ஆள் மாகாணத்துக்குள் தடுத்துவைக்கப்பட்டிருந்தால், 154P உறுப்புரையின் கீழ் இங்கேயே மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம். கல்முனை அல்லது மட்டக்களப்பு என்றால் அம்மம்மாவைக் கொழும்புக்கு இழுத்தடிக்கத் தேவையில்லை. 1994 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், தெற்கில் பொலிஸார் கொண்டுபோன இளைஞர்கள் தொடர்பான மனுவில் ஆளைக் காட்ட முடியாதபோதும் மனுவைத் தள்ளிவிடவில்லை. பொறுப்பான அதிகாரியை 1 இலட்சம் ரூபாய் கட்டச்சொல்லி, விடயத்தைக் குற்றவியல் முறைப்பாடாக எடுக்கும்படி பொலிஸ் மா அதிபருக்கு அனுப்பியது. திருகோணமலை முகாம் ஒன்றில் மகன்களைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவரின் ஆட்கொணர்வு மனுவை, உயிர்வாழும் உரிமை மீறப்பட்ட வழக்காகவே ஏற்று 2005 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுத்தது. 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், 2009 மேயில் முல்லைத்தீவில் சரணடைந்தவர்கள் தொடர்பில் இராணுவமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அந்த மனு 2013 இல் போடப்பட்டது. ஒன்பது வருடம் போனது, ஆட்கள் வரவில்லை. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு நம்பிக்கை தர எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் "நாங்கள் யாரையும் கொண்டுபோகவில்லை" என்ற பதில் ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பால் பொய்யாக்கப்பட்டது சின்ன விடயமல்ல.

இந்த மனுக்கள் எங்கே உடைகின்றன என்றால், பெரும்பாலும் பிரதிவாதி யார் என்ற இடத்தில். 1990 இல் அம்பாறைக் கரையோரத்திலும் மட்டக்களப்பின் தெற்கிலும் கூடுதலாக நின்றது விசேட அதிரடிப்படை. அது பொலிஸின் பிரிவு, ஆகவே பிரதிவாதி பொலிஸ் மா அதிபர். மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலை, வாழைச்சேனைப் பக்கம் இராணுவம். எல்லாச் சீருடையையும் சனங்கள் "ஆமி" என்றுதான் சொல்வார்கள். வாக்குமூலத்தில் "ஆமி பிடித்தது" என்று எழுதி இராணுவத் தளபதியைப் பிரதிவாதியாக்கினால், "அங்கே எங்களுக்கு முகாமே இருக்கவில்லை" என்று ஒரு வரியில் சத்தியக் கடதாசி வரும், அதுவும் உண்மையாகவே இருக்கும். அம்மம்மா சொல்வதை அப்படியே எழுதிவிட்டு, சீருடையின் நிறம், தொப்பி, வாகனத்தின் வகை, எந்தப் பக்கம் போனது, மறுநாள் எந்த முகாம் வாசலில் போய் நின்றா, அங்கே என்ன சொன்னார்கள் என்பதையும் பிரித்துக் கேளுங்கள். தேடிப்போன முகாமின் பெயர்தான் பல வழக்குகளில் பிரதிவாதியைக் காட்டித்தந்திருக்கிறது.

திகதியும் அப்படித்தான். அந்தக் காலத்துத் தாய்மாரின் நினைவில் இருப்பது ஆங்கிலத் திகதி அல்ல. "தீர்த்தத்துக்கு அடுத்த வெள்ளி", "அகதி முகாமுக்குப் போய் எட்டாம் நாள்" என்றுதான் சொல்வார்கள். எழுதுகிறவர் தன்பாட்டில் 17 என்றோ 20 என்றோ போட்டுவிடுவார். காணாமற்போனோர் பற்றி விசாரித்த 1994 இன் ஆணைக்குழுவுக்கு ஒரு திகதி, பின்னர் வந்த பரணகம ஆணைக்குழுவுக்கு இன்னொன்று, காணாமற்போனோர் அலுவலகத்துக்கு (ஓ.எம்.பி) மூன்றாவது. மூன்றையும் பக்கத்தில் வைத்துத் தாயைப் பொய்சொல்கிறவராக்குவார்கள். நிச்சயம் தெரியாத திகதியை எழுதாதீர்கள். "1990 ஆவணி நடுப்பகுதியில், இன்ன திருவிழா முடிந்த மறுவாரம்" என்று சொன்னபடியே எழுதுவது சட்டத்துக்குப் பிழையல்ல. கோயில் பஞ்சாங்கத்தை வைத்துத் திகதியைப் பிறகு கண்டுபிடிக்கலாம். பெயரும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்றுவிதமாக எழுதப்பட்டிருக்கும். எல்லா எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று சத்தியக் கடதாசியில் ஒரு பந்தி சேர்த்துச் சமாதான நீதவான் முன் கையெழுத்திடுங்கள். 2004 சுனாமியில் பிறப்புச் சான்றிதழ் போயிருந்தால் மாவட்டப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பாடசாலையின் அனுமதிப் பதிவேட்டுப் பிரதியும் கைகொடுக்கும்.

வந்தாறுமூலையை எடுத்துப் பாருங்கள். 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், 23 ஆம் திகதி மேலும் 16 பேர். முகாமை நடத்தியவர்கள் அப்போதே பெயர்ப் பட்டியல் எழுதிவைத்ததால்தான் அந்த எண்ணிக்கை இன்றும் அசையாமல் நிற்கிறது. 1994 இல் நியமிக்கப்பட்ட வடக்கு கிழக்கு ஆணைக்குழு அதை விசாரித்தது. ஆனாலும் அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில், தெற்கில் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்டுக் காணாமல்போன எம்பிலிப்பிட்டிய வழக்கு இருக்கிறது. 1999 இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் அதில் பாடசாலை அதிபர் ஒருவருக்கும் இராணுவத்தினர் ஆறு பேருக்கும் 10 வருடச் சிறை கொடுத்தது. அங்கே முகாமிலிருந்து தப்பிவந்தவர்கள் சாட்சி சொன்னார்கள், அரசாங்கத்துக்கும் வழக்கை நடத்தும் மனம் இருந்தது. கிழக்கில் முதலாவது சில இடங்களில் உண்டு, இரண்டாவது இல்லாமல் போனது. 2006 டிசம்பர் 15 ஆம் திகதி கொழும்பில் காணாமல் ஆக்கப்பட்ட கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தர் எஸ். ரவீந்திரநாத் தொடர்பில் 2025 ஏப்ரலில்தான் கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் சி. சந்திரகாந்தன் (பிள்ளையான்) கைதுசெய்யப்பட்டார். கைது என்பது குற்றத்தீர்ப்பு அல்ல. ஆனால் அரசுக்கு மனம் வந்தால் பழைய கோப்பும் திறக்கும் என்பதை அது காட்டுகிறது.

ஓ.எம்.பி பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அலுவலகம் அது. அதன் கண்டறிதல்களால் எவருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது என்று 13(2) ஆம் பிரிவே சொல்கிறது. அது நீதிமன்றம் அல்ல, அங்கே நியாயம் கேட்டுப் போனால் மனம் உடையும். ஆனால் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் விசாரணை அதிகாரிகளுக்கு அறிவிக்கவும், புதைகுழி என்று சந்தேகிக்கும் இடத்தைத் தோண்ட நீதவானிடம் கட்டளை கேட்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. முன்னைய ஆணைக்குழுக்களின் தகவல்களை ஒன்றுதிரட்டுவதும் அதன் கடமை. ஆகவே மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்துக்கு இரண்டு விடயங்களுக்காகப் போங்கள்: கோப்பு இலக்கம் எடுக்கவும், அம்மம்மா 1990 களில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியைக் கேட்கவும். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதன்பின் 2 மாதத்துக்குள் ஆணைக்குழு. முதல் முறைப்பாடு கொடுத்த பொலிஸ் நிலையத்துக்கும் அப்படியே எழுதலாம். எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்திவையுங்கள்.

நாட்டுக்கு வெளியே ஒரு கதவு இருக்கிறது. வலிந்து காணாமலாக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழுவுக்கு எழுதக் காசோ சட்டத்தரணியோ தேவையில்லை, உள்நாட்டு வழக்கு முடிந்திருக்கவேண்டும் என்றும் இல்லை. இலங்கை தொடர்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அங்கே தீராமல் கிடக்கின்றன. அது யாரையும் தண்டிக்காது, அரசாங்கத்திடம் பதில் கேட்டுக்கொண்டே இருக்கும். திருகோணமலையில் 1990 ஜூனில் கொண்டுசெல்லப்பட்ட இளைஞர் ஒருவரின் விடயத்தில், காணாமல் போதல் தொடர்கின்ற மீறல் என்று கொண்டு ஐ.நா. மனித உரிமைகள் குழு 2003 இல் இலங்கைக்கு எதிராக முடிவு சொன்னது. ஆனால் அந்தக் குழுவின் முடிவுகள் உள்நாட்டில் செல்லாது என்ற நிலையை 2006 இல் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் எடுத்துவிட்டது. அதனால் இதை முதல் வேலையாக வைக்கவேண்டாம்.

முதல் வேலை அம்மம்மாவின் சாட்சியம். சத்தியக் கடதாசி எழுதிவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள், போதாது. சாட்சி இறந்துவிட்டால், அவர் வெறுமனே எழுதிவைத்ததைக் குற்றவியல் வழக்கில் சான்றாக ஏற்பதற்குச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு இறுக்கமான எல்லைகள் போட்டிருக்கிறது. ஓ.எம்.பி இல் சொன்னதற்கும் அதே கதிதான். நீதிமன்ற நடவடிக்கை ஒன்றில், எதிர்த்தரப்புக்குக் குறுக்கு விசாரணை செய்யச் சந்தர்ப்பம் கொடுத்து அளித்த சாட்சியம் வேறு. 33 ஆம் பிரிவின் கீழ், தரப்பினரும் பிரச்சினையும் ஒத்திருந்தால், சாட்சி இறந்தபின்னும் அது பிந்திய வழக்கில் ஏற்கப்படலாம். ஆட்கொணர்வு மனுவில் இருப்பவர்களும் பின்னாளில் வரும் கொலை வழக்கில் இருப்பவர்களும் "ஒரே தரப்பினர்" ஆவார்களா என்பது வாதத்துக்குரியது. ஆனாலும் நீதவான் முன் பதிவான சாட்சியத்துக்கு இருக்கும் பலம் வேறெந்தக் கடதாசிக்கும் கிடையாது. மனுவை இப்போதே போடச் சொல்வது இதற்காகத்தான். மனுவோடு, சாட்சியின் வயதைச் சொல்லி வாக்குமூலத்தை முந்திப் பதியும்படி விண்ணப்பம் செய்யச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றிதழ் இணைத்தால் நல்லது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கல்முனை அல்லது மட்டக்களப்பு நிலையத்தில் கேளுங்கள். மிரட்டல் வந்தால் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முறையிடலாம்.

இரண்டாவது, அம்மம்மாவின் உடம்பில் இருக்கும் சான்று. புதைகுழி ஒன்று திறக்கப்பட்டால் எலும்பு யாருடையது என்று சொல்லத் தாயின் மரபணுதான் மிகத் தெளிவான ஒப்பீடு. தாய் போனபின் சகோதரங்களை வைத்துப் பார்க்கலாம், ஆனால் உறுதி குறையும். மாதிரி எடுத்துப் பாதுகாக்கும்படி ஓ.எம்.பி க்கு எழுத்தில் கேளுங்கள், நீதிமன்றத்திலும் கேளுங்கள். கூடவே எழுதிவையுங்கள்: மாமாவின் உயரம், சின்ன வயதில் கை கால் முறிந்திருந்ததா, எந்தப் பல் விழுந்திருந்தது, அன்று என்ன உடுத்திருந்தார், இடுப்பில் தாயத்து இருந்ததா. மன்னார்ப் புதைகுழியில் 300 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுத்தும், காலம் கணிக்கத் தேர்ந்து அனுப்பிய ஆறு மாதிரிகள் பல நூற்றாண்டுப் பழையவை என்று 2019 இல் முடிவு வந்ததும் எல்லாமே பழையவை என்ற பேச்சுக் கிளம்பிவிட்டது. இங்கே குருக்கள்மடத்தில் 1990 இல் புலிகள் கொன்று புதைத்த முஸ்லிம்களின் உறவினர்களும் தோண்டும் கட்டளைக்காகவே களுவாஞ்சிக்குடி நீதிமன்றப் படியேறினார்கள். காத்தான்குடி முஸ்லிம் தாய்க்கும் தம்பிலுவில் தமிழ்த் தாய்க்கும் தேவைப்படுவது அதே மரபணு மாதிரியும் அதே நீதவானின் கட்டளையும்தான்.

உங்கள் கையிலிருக்கும் கடிதங்களைப் பார்க்காமல் எந்த நீதிமன்றம், யார் பிரதிவாதி என்று என்னால் முடிவாகச் சொல்லமுடியாது. மாமாவை ஏற்றிப்போன வாகனம் எந்தப் பாதையால் திரும்பியது, அம்மம்மா முதலில் எந்த முகாமுக்குத் தேடிப்போனா, முதல் முறைப்பாடு எந்த ஆண்டில் எந்த நிலையத்தில் என்ற மூன்றையும் அவவிடம் கேட்டு, பெயர் எதுவும் போடாமல் இங்கே எழுதுங்கள். அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.